செவலைக்கு மூட்டையா, சட்டியா?

செவலை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு செருப்பு நீளம்தான் இருந்தாள். இன்று 15 கிலோ. நாட்டு நாய், வயது நான்கு, கருத்தடை செய்தாயிற்று. அவளுக்கு என்ன சாப்பாடு போடுவது என்பதில் இந்த நான்கு வருடமும் வீட்டில் மூன்று கட்சி. அம்மா தயிர்சாதக் கட்சி. தம்பி கோழிக் கட்சி. நான், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், மூட்டையைப் பிரித்து ஒரு டம்ளர் அள்ளிப் போடும் கட்சி.

மூட்டை என்று நான் சொல்வது கடையில் விற்கும் உலர் தீனியை. எங்கள் தெருவில் எந்தக் கம்பெனி மூட்டை என்றாலும் அதற்குப் பெயர் 'பெடிகிரி'தான். ஜெராக்ஸ் மாதிரி.

மூன்று கட்சியும் ஆட்சிக்கு வந்து போய்விட்டன. இப்போது நடப்பது கூட்டணி ஆட்சி. அங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன். உங்கள் நாயின் எடை வேறாக இருக்கும், கணக்கு போடும் முறை ஒன்றுதான்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று பார்த்துவிடலாம். கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்கு இது. நாயின் எடையை மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள் (15×15×15). வந்த எண்ணுக்கு இரண்டு தடவை வர்க்கமூலம் எடுங்கள். அதை 70-ஆல் பெருக்குங்கள். சும்மா படுத்துக் கிடக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி அது. கருத்தடை செய்த, வளர்ந்த, வீட்டு நாய் என்றால் அதை 1.6-ஆல் பெருக்க வேண்டும். செவலைக்கு 533 வந்தது, பெருக்கினால் சுமார் 850. இது ஆரம்பப் புள்ளிதான். விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், ஆனால் தூரத்தில் இருந்து எண்ண முடியக் கூடாது. அதைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டியதுதான்.

கலோரி நிறைந்தால் வயிறு நிறையும், அவ்வளவுதான். அமெரிக்காவில் நாய்த்தீனிக்கு அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் கணக்குப்படி, வளர்ந்த நாய்க்கு ஒவ்வொரு 1,000 கலோரிக்கும் குறைந்தது 45 கிராம் புரதம், 1.25 கிராம் கால்சியம், 1 கிராம் பாஸ்பரஸ் வேண்டும். கால்சியம் பாஸ்பரஸை விடக் குறையவே கூடாது, இரண்டு மடங்குக்கு மேல் போகவும் கூடாது. செவலையின் 850 கலோரிக்குச் சுருக்கினால் 38 கிராம் புரதம், ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே கால்சியம். இந்த இரண்டு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி தானாக விளங்கும்.

தயிர்சாதம் முதலில். 'நாய் மாமிசப் பிராணி, சோறே போடக் கூடாது' என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். இந்த விஷயத்தில் அம்மா பக்கம்தான் நியாயம். 2013-இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயில் இரண்டே பிரதி இருக்க, நாயில் 4 முதல் 30 வரை இருப்பதைக் கண்டார்கள். மனிதனோடு சேர்ந்து சோறும் கூழும் தின்று பழகிய வயிறு அது. கம்பங்கூழில் வளர்ந்த நாய்களை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

சோறு செரிக்கும், சரி. போதுமா? 450 கிராம் சாதமும் 400 கிராம் தயிரும் போட்டால் 825 கலோரி வந்துவிடும். புரதம் 25 கிராம்தான், தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. கால்சியம் பாதிக்குச் சற்று மேல். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் தப்பில்லை. வருடக்கணக்கில் இதுவே என்றால் தசை கரையும், ரோமம் மங்கும். தெருவில் தயிர்சாதம் தின்று நன்றாக இருக்கும் நாய் உண்டே என்பார்கள். அந்த நாய் தயிர்சாதம் மட்டுமா தின்கிறது? கறிக்கடை வாசல், குப்பைத்தொட்டி, ஓணான், எலி என்று அதன் மெனு பெரிது. கேட் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கு நாம் வைக்கும் தட்டுதான் உலகம்.

மேல் வீட்டு மாமி சைவம். அவர்கள் வீட்டு நாய்க்கு முட்டை அனுமதி உண்டு, கறி இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் நான் சொல்லக்கூடியது: சாதத்தைக் குறைத்து அவித்த முட்டை, பனீர், வேகவைத்துப் பிழிந்த மீல் மேக்கர் சேருங்கள். மீல் மேக்கர் உலர்ந்த நிலையில் பாதி எடை புரதம். அத்தோடு மூட்டையையும் ஒரு வேளை வையுங்கள். முழுச் சைவத்தில் நாயை வளர்க்க முடியும், ஆனால் அதைக் கண்ணளவில் செய்ய முடியாது.

சாம்பார் சாதம், ரசம் சாதம் எங்கள் வீட்டில் அடியோடு நின்றுவிட்டது. காரணம் காரம் மட்டும் இல்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையை உண்டாக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. நாயின் எடையில் அரை சதவீதம் அளவு வெங்காயம் ஒரே தடவையில் உள்ளே போனாலே ஆபத்து. செவலைக்கு அது 75 கிராம், ஒரு கை சின்ன வெங்காயம். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சேர்ந்துகொண்டே வரும். இன்னொன்று எனக்கே புதிது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல வருடமாகத் தெரியும், ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது. அதில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நஞ்சியல் மருத்துவர்கள் 2022-இல் எழுதினார்கள். அவர்கள் ஆதாரமாகக் காட்டியவற்றில் புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களும் உண்டு. புளியில் அதே அமிலம் ஏராளம். புளிக்குழம்பு மிச்சத்தை நாய்க்கு ஊற்றும் பழக்கம் இருந்தால், இன்றே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து தம்பியின் ஆட்சி. கோழியும் சோறும், கொஞ்சம் கேரட், பூசணி. உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் இல்லை. செவலை தட்டை நக்கி நகர்த்திக்கொண்டே போய்ச் சமையலறைச் சுவரில் முட்டும் வரை விடமாட்டாள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. மூன்று மாதத்தில் ரோமம் பளபளத்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கணக்கைப் பார்த்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. வேகவைத்த எலும்பில்லாக் கோழி 250 கிராம், சாதம் 350 கிராம். கலோரி 880, புரதம் 80 கிராம், தாராளம். பாஸ்பரஸ் சுமார் 650 மில்லிகிராம். கால்சியம்? 70 மில்லிகிராம். தேவை ஆயிரத்துக்கு மேல்! சதையில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் கிடையாது. கால்சியம் எலும்பில் இருக்கிறது, எலும்பைத்தான் நாம் எடுத்துவிட்டோமே. இப்படி ஒரு பக்கம் சாய்ந்த சாப்பாடு தொடர்ந்தால், உடல் ரத்தத்தில் கால்சியம் குறைய விடாமல் எலும்பில் இருந்து உருவிக்கொள்ளும். அதனால் ரத்தப் பரிசோதனையில்கூடப் பல சமயம் எல்லாம் சரியாகவே தெரியும். முற்றிப்போன நாய்களுக்குத் தாடை எலும்பு ரப்பர் போல வளைந்துகொடுக்கும்.

இது எங்கள் வீட்டு முட்டாள்தனம் மட்டும் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்து 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தபட்ச அளவை எட்டவில்லை. துத்தநாகம், தாமிரம், கோலின், வைட்டமின் டி, ஈ என்று பட்டியல் நீள்கிறது. வைட்டமின் டி-க்குத்தான் மொட்டைமாடி வெயில் இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். நாயின் தோல் நம் தோலைப் போல வெயிலில் இருந்து அதைப் போதிய அளவு செய்துகொள்ளாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

சரி செய்ய முடியாதா என்றால், பெருமளவு முடியும். முட்டை ஓட்டைக் கழுவி, வேகவைத்து, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தால் அதுதான் கால்சியம். ஒரு டீஸ்பூன் தூளில் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் இருக்கும். மேலே சொன்ன கோழிச்சோற்றுக்கு அரை டீஸ்பூன் போதும். வாரத்துக்கு இரண்டு நாள் கோழிக்குப் பதில் மத்தி. குக்கரில் ஏழு விசில் விட்டால் முள் விரலில் நசுங்கும். கால்சியம், வைட்டமின் டி, ஒமேகா-3 மூன்றும் ஒரே மீனில், அதுவும் சந்தையில் மலிவான மீனில். கருவாடு வேண்டாம், உப்பு. வாரத்துக்கு 100 கிராம் ஈரல் போதும், தினமும் நிறையப் போட்டால் வைட்டமின் ஏ அளவு மீறலாம். கோழிக்கடையில் நாய்க்கு என்று கேட்டால் கழுத்து, தோல், கொழுப்பு எல்லாம் சேர்த்து ஒரு கவரில் அள்ளித் தருவார்கள். அந்தத் தோலையும் கொழுப்பையும் நீக்காமல் போட்டால் கணையம் வீங்கிப் படுக்கையில் விழும் நாய்கள் உண்டு. வேகவைத்த கோழிக்கால் எலும்பு ஊசியாகச் சிதறும், அதுவும் கூடாது.

துத்தநாகமும் வைட்டமின் ஈ-யும் அயோடினும் அப்படியும் இடிக்கும். முழுக்க வீட்டுச் சமையல்தான் என்று முடிவெடுப்பவர்கள், நாய்க்கென்று செய்த சத்துக்கலவையைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்த்தே ஆக வேண்டும். சென்னையில் வேப்பேரி, இன்னும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர்களில் இதைப் பேச ஆள் கிடைக்கும்.

நாங்கள் முட்டை ஓட்டுத்தூள் தயாரித்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிரப்பி, பெருமையாக வைத்தோம். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் பாட்டிலை எடுத்தால் காலி. தூசி படிந்திருந்தது. எப்போது தீர்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பிக்கு ஷிப்ட் மாறியதில் இருந்து அம்மா சமைக்கிறார், அம்மா நான் போடுகிறேன் என்று நினைத்தார், நான் தம்பி என்று நினைத்தேன். பேசிப் பார்த்ததில் குறைந்தது இரண்டு மாதம். செவலை வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. எந்தச் சாப்பாட்டில் சத்து அதிகம் என்று நான்கு வருடமாக அடித்துக்கொண்டிருந்தோம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி, எங்கள் மறதியை எது தாங்கும் என்பது.

அந்தக் கேள்வியோடு மூட்டையைத் திரும்பிப் பார்த்தால் அதன் மதிப்பு புரிகிறது. ருசி, மணம் எல்லாம் சுமார்தான். சாதாரண விலை மூட்டைகளில் புரதம் 20 சதவீதம், கொழுப்பு 10 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். பெரிய சாதனை இல்லை. ஆனால் யார் போட்டாலும், எத்தனை மணிக்குப் போட்டாலும், ஒரே அளவு. வாங்கும்போது பின்பக்கம் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று இருக்கிறதா, குட்டிக்கா வளர்ந்ததற்கா என்று பாருங்கள். முன்பக்கம் இருக்கும் கோழிப் படத்தைப் பார்க்க வேண்டாம். கடையில் பெரிய சாக்கைத் திறந்துவைத்து லூஸில் நிறுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதில் இருக்கும் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். வீட்டிலும் திறந்த மூட்டையை ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

மூட்டையை மட்டும் கண்ணை மூடி நம்பவும் எனக்கு மனம் வரவில்லை. 2007-இல் சீனாவில் இருந்து போன கோதுமைப் புரதத்தில், பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற ரசாயனம் கலந்திருந்தது. அமெரிக்காவில் பல கம்பெனிகளின் தீனி ஒரே நேரத்தில் திரும்பப் பெறப்பட்டது, நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. ஒரே இடத்தில் இருந்து எல்லாம் வந்தால், தப்பும் அங்கிருந்தே வந்துவிடும். இன்னொரு குறை, தண்ணீர். மூட்டைத் தீனியில் ஈரம் சுமார் பத்து சதவீதம்தான். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்க மறுக்கும் நாய்க்குக் குழைந்த சோறு ஒரு வரம்.

பச்சைக் கறியைப் பற்றி இரண்டே வரி. ஈ மொய்க்கும் மரப்பலகையில் வெட்டிய கறியில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம், ஃப்ரீசரில் வைத்தாலும் அது சாகாது. நாய் தாங்கினாலும் அது நக்கும் குழந்தை தாங்காது, எங்கள் வீட்டில் இது விவாதத்துக்கே வரவில்லை.

பணக் கணக்கில் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. வீட்டில் செய்தால் மலிவு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். கோழி கிலோ 240 என்று வைத்தால், தினம் 350 கிராம் பச்சைக் கறி மாதம் பத்தரைக் கிலோ, 2,500 ரூபாய். அரிசி, காய், கேஸ் தனி. மூட்டை கிலோ 250 என்றால் மாதம் ஏழேகால் கிலோ, 1,800 சொச்சம். தயிர்சாதம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல். உயர்ரக மூட்டைகள் கிலோ 600, 800 என்று போகும், அங்கே கோழிச்சட்டி மலிவாகிவிடும். ஆக, பணத்துக்காக வீட்டுச் சமையலுக்கு மாறுவதாக இருந்தால் உங்கள் மூட்டையின் விலையை முதலில் பாருங்கள்.

குட்டி நாய் வைத்திருப்பவர்கள் இந்த ஆராய்ச்சி எதுவும் செய்ய வேண்டாம். குட்டிக்கு 1,000 கலோரிக்கு 3 கிராம் கால்சியம் வேண்டும். ராஜபாளையம், லாப்ரடார் போன்ற பெரிய ஜாதிக் குட்டிக்கு 4.5 கிராமைத் தாண்டவும் கூடாது. இந்தக் குறுகிய சந்தில் கண்ணளவு வேலைக்கு ஆகாது. குட்டிக்கான மூட்டை, ஒரு வயது வரை, பெரிய ஜாதி என்றால் இன்னும் சில மாதம். அதோடு சேர்த்துக் கால்சியம் டானிக்கும் ஊற்றுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு. கால் வளையக் கூடாதே என்று ஊற்றி, அதனாலேயே எலும்பு மூட்டுகளைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கொறிக்கும் சமாச்சாரம்

தீனிக்கு நடுவே தருவது மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. செவலைக்கு 85 கலோரி. குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்று சுமார் 20 கலோரி, நாலு கொடுத்தால் முடிந்தது. ஆனால் கேட்டுக்கு வெளியே பேப்பர் போடும் பையன், பால்காரர், எதிர்வீட்டுத் தாத்தா என்று ஆளுக்கு நாலு. ஒரு வருடம் அவள் 18 கிலோவைத் தொட்டதன் ரகசியம் இதுதான்.

கடையில் விற்கும், பதப்படுத்திய தோலில் செய்த எலும்பைச் செவலை ஊறவைத்து முழுசாக விழுங்கப் பார்த்தாள், விரலை விட்டு எடுத்தோம். இறக்குமதிக் கோழி வற்றல் துண்டுகள் மேல் 2007 முதல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வுக்கு ஆயிரக்கணக்கான புகார் போனது தெரிந்த பிறகு அதையும் விட்டோம். இந்த ஓர் இடத்தில் வீட்டுத் தயாரிப்புக்கே என் ஓட்டு. பத்து சதவீதத்தில் சத்துக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் குடி முழுகாது, ருசிக்குச் செய்யலாம்.

வீட்டிலேயே கேழ்வரகு பிஸ்கட் செய்து பார்த்தேன். 200 கிராம் கேழ்வரகு மாவு, ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், பிசைந்து நாற்பது வில்லை, தோசைக்கல்லில் மூடி போட்டுச் சிறு தீயில் இரு பக்கமும். அருமையாக வந்தது. கலோரி போட்டுப் பார்த்தேன்: ஒன்றுக்கு 20. குளுக்கோஸ் பிஸ்கட்டும் அதேதான்! சர்க்கரை இல்லை என்ற லாபம் உண்டு, 'ஆரோக்கியம்' என்று பத்து கொடுத்தால் அந்த லாபமும் போச்சு. தேங்காய்ப் பத்தை ஒன்றே நாளின் கணக்கைத் தின்றுவிடும். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் டப்பாவில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்பு) என்று இருக்கிறதா பாருங்கள், நாய்க்கு அது விஷம்.

எங்கள் வீட்டில் நிலைத்தது இரண்டு. ஒன்று, வெள்ளரிக்காயும் கேரட்டும் பச்சையாக. கடிக்கும் சத்தமே அவளுக்குப் பாதிச் சந்தோஷம். இரண்டு, கோழி ஈரல். இட்லிப் பானையில் கால் மணி நேரம் நன்றாக வேகவைத்து, கடலைப் பருப்பு அளவு நறுக்கி, தோசைக்கல்லில் ஈரம் போக வாட்டினால் போதும். வேகவைக்காமல் நேராக மாடியில் காயப்போட்டால் கிருமி சாகாது, காக்கையும் விடாது. ஃப்ரிட்ஜில் நாலு நாள், மீதி ஃப்ரீசரில். இந்த ஈரலையும் வாரத்தின் 100 கிராமில் கழித்துக்கொள்ள வேண்டும்.

இப்போதைய கூட்டணி இதுதான். காலையில் மூட்டை 120 கிராம். இரவில் சாதம் 175 கிராம், கோழியோ மத்தியோ 125 கிராம், கொஞ்சம் காய், கால் டீஸ்பூன் முட்டை ஓட்டுத்தூள். நாங்கள் வாங்கும் மூட்டையில் கால்சியம் ஒரு சதவீதம் இருப்பதால் காலையிலேயே 1.2 கிராம் வந்துவிடுகிறது. இரவுத் தூள், கோழியின் பாஸ்பரஸை ஈடுகட்டத்தான். ஒரு வாரம் மறந்தாலும் பெரிதாகச் சாயாது, நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முழுக் காரணமும் அதுவே. மற்ற நுண்சத்துகள் மூட்டையில் பாதிதான் வரும், ஆகவே வருடம் ஒரு முறை டாக்டரிடம் இந்தத் தட்டைச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம். ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மாறியபோது பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம், வயிற்றுப்போக்கு வரவில்லை. அம்மா ஊருக்குப் போகும் வாரங்களில் இரு வேளையும் மூட்டைதான், செவலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்பாள்.

ஹார்லிக்ஸ் பாட்டில் இப்போது காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் யார் எழுந்தாலும் கண்ணில் படும். இரவு ஒன்பதரைக்கு அம்மா சாப்பிட உட்காரும்போது செவலை போய்ப் பக்கத்தில் உட்கார்கிறாள். தட்டில் இருந்து தயிர்சாதம் ஓர் உருண்டை போகிறது. எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்: உருண்டை ஒன்று, 40 கலோரி.